ஸிர்யாப் ஏந்திய கருவி

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அன்பர் ஒருவர், ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவந்தபொழுது என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், பையன் கிதார் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவன் அம்மா வாங்கிக் கொடுக்கச் சொல்கிறாள். எங்கள் அத்தாவோ, அது வீட்டு வாசற்படி ஏறக்கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வாங்குவதென்றால் எப்படிப் பார்த்து வாங்குவது?" என்றார்.

இவை இரு வினாக்கள். பின்னதிலிருந்து தொடங்குகிறேன். ஏனெனில் அவ்வினா நம் வரலாற்றில் மிகப் பழையது.

பக்தாதில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அவைக்கு ஸிர்யாப் என்னும் இளம் இசைவாணர் அழைத்து வரப்பட்டார். அவருடைய ஆசிரியர் இஸ்ஹாக் அல் மவ்ஸிலியின் 'ஊத்' அவரிடம் நீட்டப்பட்டது. அவர் அதை ஏற்க மறுத்து, தம் கருவியையே கொணரச் செய்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே மரம். எனினும் தமது எடை வேறென்றும், அதன் நரம்புகள் வேறு வகையின என்றும் காரணம் கூறினாராம். இதனை எழுதியவர் 1632-இல் மறைந்த அல் மக்கரீ. காலத்தால் மிக முற்பட்ட இப்னுல் கூத்திய்யாவோ, ஸிர்யாப் கலீஃபா அமீனிடம் இருந்தவர் என்கிறார். ஆகவே அவைக் காட்சியை ஐயத்துடனேயே கொள்ள வேண்டும். ஆனால் ஹிஜ்ரி 206, அதாவது கி.பி. 822 அளவில் அவர் அந்தலூஸ் சென்று, குர்துபாவில் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் ஆதரவைப் பெற்றது வரலாறு. ஊத்தில் ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவர் என்றும், மரத்துண்டுக்கு மாற்றாகக் கழுகின் இறகால் மீட்டியவர் என்றும் மக்கரீ அவரைப் போற்றுகிறார்.

ஊத் என்னும் அரபிச் சொல்லுக்கு மரம், கட்டை என்பன பொருள். நம் இல்லங்களில் மணக்கும் ஊதுபத்தியில் இருப்பதும் இச்சொல்லே. 'அல் ஊத்' என்பதே ஐரோப்பாவில் 'லூட்' ஆயிற்று. ஆனால் கிதார் ஊத்தின் நேர் வாரிசு என்று சிலர் பெருமை பேசுவது பொருந்தாது. கிதாரின் பெயர் 'கித்தாரா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஊத்தின் முதுகு பேரிக்காய் போல் குவிந்திருக்கும். கிதாரின் முதுகு தட்டை, இடை ஒடுங்கியது. 14-ஆம் நூற்றாண்டு ஸ்பானியக் கவிஞர் ஹுவான் ரூயிஸ், மூர்களின் கிதார், லத்தீன் கிதார் என இரு வகைகளைக் குறிப்பிடுகிறார். இரு சமயத்தாரும் அண்டை வீட்டாராய் வாழ்ந்த மண்ணில் அக்கருவி வளர்ந்தது என்பதற்கு இதுவே போதிய சான்று. இன்றைய உருவை அதற்கு 19-ஆம் நூற்றாண்டில் அளித்தவர் அல்மேரியா நகரத்து அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892).

நம் மண்ணுக்கும் அதில் பங்குண்டு. பிரேசில் நாட்டு மரம் கிடைப்பது அரிதானபின், 1969 முதல் அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனத்தார் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் விளையும் ஈட்டி மரத்தைக் கையாளலாயினர்.

இனி வாங்கும் முறை. முதற்கருவி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. கைக்கு இணங்குவதாக இருத்தல் வேண்டும். நைலான் நரம்பு இளம் விரல்களுக்கு இதமானது. எஃகுக் கம்பி முதல் சில வாரங்கள் விரல் நுனியை வருத்தும். சிறுவன் மடியில் வைத்து அணைத்துப் பார்க்கட்டும். கை எட்டாவிடில் முக்கால் அளவுக் கருவி போதும். கழுத்து வளைந்துள்ளதா என்று நீளவாக்கில் கண்ணோட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். இரைச்சல் எழுந்தால் விட்டுவிடுங்கள். பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் நடுப்பகுதி. அங்கு அழுத்தினால் வெறும் நரம்பின் ஸ்வரமே மேல் ஸ்தாயியில் ஒலிக்க வேண்டும். நரம்பின் நீளத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள இத்தகைய கணக்கையே, ஹிஜ்ரி 339-இல் மறைந்த அல் ஃபாராபி தம் பெரிய இசை நூலில் விரித்துரைத்தார். ஒட்டுப்பலகைக் கருவி நம் ஊர்ப் புழுக்கத்தை ஓரளவு தாங்கும். எதுவாயினும் வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும்.

முதல் வினாவுக்கு வருகிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் நரம்புக் கருவிகள் விலக்கப்பட்டவை என்பதே வலுவான கூற்று. ஸமாஉ பற்றித் தனிப் பகுதியே எழுதி, பாட்டை நிபந்தனைகளுடன் அனுமதித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் நரம்புக் கருவிகளை விலக்கினார்கள். மதுவருந்துவோரின் அடையாளம் அவை என்பது அவர்கள் காட்டும் காரணங்களுள் ஒன்று. குர்துபாவின் இப்னு ஹஸ்மோ (மறைவு கி.பி. 1064), தடைக்குக் காட்டப்படும் ஹதீஸ்கள் உறுதியானவை அல்ல என்று வாதிட்டு, ஆகும் என்றார். இவ்விரண்டையும் மறைக்காமல் அன்பரிடம் எடுத்துரைத்தேன். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை ஒளிப்பது கல்விக்குச் செய்யும் துரோகம்.

"அப்படியானால் நான் என்ன செய்வது, ஹஜ்ரத்?" என்றார்.

"உங்கள் அத்தா பிடிவாதக்காரர் அல்லர், அவர் நம் மத்ஹபின் பெரும்பான்மைக் கூற்றைப் பேசுகிறார். இதைப் பையனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளையின் ஆசையும் கேடு கெட்டதன்று. இதை அத்தாவிடம் சொல்லுங்கள். மூவரும் ஒருங்கே அமர்ந்து முடிவெடுங்கள். வாங்கினாலும் பெரியவர் அறியாமல் வாங்காதீர்கள், வாங்காவிட்டாலும் பையனை ஏளனம் செய்து தடுக்காதீர்கள்" என்றேன்.

அவர் ஸலாம் சொல்லி மிதிவண்டியை எடுத்தார். இன்னும் அவர்கள் வீட்டில் பேச்சு முடியவில்லை எனக் கேள்வி. பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு மனநிறைவு.