நாடி வருபவரை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை

உரையாடலின் வழியே மனத்துயரைத் தணிக்கும் சிகிச்சை முறைகளுள் இதுவும் ஒன்று. இதனை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987).

ரோஜர்ஸின் பின்னணி

வேளாண்மை கற்கக் கல்லூரியில் சேர்ந்த ரோஜர்ஸ், பின்னர் வரலாறும் இறையியலும் பயின்று, இறுதியில் உளவியலுக்கு வந்தார். 1931இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். ரோச்செஸ்டர் நகரில் 12 ஆண்டுகள் குழந்தைகளுடனும் பெற்றோருடனும் பணியாற்றினார். எங்கே வலிக்கிறது என்பதைத் துயருறுபவரே அறிவார் என்ற எண்ணம் அங்கு அவருக்கு வலுப்பெற்றது. 1940இல் பேராசிரியரான பின், சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். 1951இல் இம்முறையை விளக்கும் நூலை வெளியிட்டார்.

மூன்று அடிப்படைகள்

• நிபந்தனையற்ற ஏற்பு: தாங்கள் எதைக் கூறினாலும் சிகிச்சையாளர் தங்களைக் குறைத்து மதிப்பிடமாட்டார்.
• ஒத்துணர்வு: தங்கள் நிலையில் இருந்து தங்கள் துயரைப் புரிந்துகொள்ள முயல்வார்.
• உண்மைத்தன்மை: பாசாங்கின்றிப் பழகுவார்.

சிகிச்சையில் என்ன நிகழும்?

"இவ்வாறு செய்யுங்கள்" என்ற அறிவுரை பெரும்பாலும் கிடைக்காது. இதனால் முதல் சில அமர்வுகளில் ஏமாற்றம் தோன்றலாம். "வேலைக்குச் செல்லவே மனமில்லை" என்று தாங்கள் கூறினால், "அங்கு மதிப்பில்லை என்று தோன்றுகிறதா?" என அவர் கேட்கலாம். "மதிப்பு அல்ல, அச்சம்" என்று தாங்கள் திருத்தலாம். அவ்வாறு திருத்தும்போது தங்கள் மனம் தங்களுக்கே தெளிவாகிறது. இத்தெளிவே இச்சிகிச்சையின் நோக்கம்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

அமர்வில் பேசியவற்றைக் கூறுமாறு நோயாளியை வற்புறுத்த வேண்டாம். மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 அவருக்கு இரகசியக் காப்புரிமை அளிக்கிறது. எனினும், அவருக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையில், அதனைத் தடுக்கத் தேவையான தகவலை மட்டும் சிகிச்சையாளர் வெளியிடலாம்.

எப்போது இது மட்டும் போதாது?

பிறர் கேளாத குரல்கள் கேட்டல், காரணமற்ற கடும் சந்தேகம், பல நாட்கள் உறக்கமின்மை, தற்கொலை எண்ணம் ஆகியவை இருப்பின் உடனடியாக மனநல மருத்துவரை அணுகவும். உரையாடல் சிகிச்சை தொடங்கியதைக் காரணமாகக் கொண்டு மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

தற்கொலை எண்ணம் உள்ளவரைத் தனியே விடாதீர்கள். டெலி மானஸ் இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் செயல்படுகிறது. தமிழிலும் பேசலாம்.