இரண்டு படகில் கால் வைத்த பைதான்

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று. ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிடும். ஆனா இதே கேள்வியை யூடிஎஃப்-8 முறையில் சேமிச்ச ஃபைலை வச்சு பைதான் 2 கிட்ட கேட்டா, 15ன்னு சொல்லும்! பைதான் 3 கிட்ட கேட்டா, 5.

ஏன் இந்த வித்தியாசம்? பைதான் 2 எண்ணினது எழுத்தை இல்ல, பைட்டை. பைதான் 3 எண்ணுவது யூனிகோட் குறிகளை: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம்ம கணக்குக்கு இதுவும் சரியா வரல, ஆனா குறைஞ்சபட்சம் எழுத்து பக்கம் வந்துடுச்சு. இந்த 15க்கும் 5க்கும் நடுவில் பதினோரு வருஷத்துக்கு மேல ஓடின ஒரு போராட்டம் இருக்கு. அதுதான் இன்றைய கதை.

நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ரோசம் பைதானை முதன்முதலில் வெளியிட்டது 1991இல். 2000 அக்டோபரில் பைதான் 2.0 வந்தது. யூனிகோடுக்கு ஒரு தனி வகை அதிலேயே இருந்தது. சிக்கல் என்னன்னா, சாதாரணச் சரத்தையும் யூனிகோட் சரத்தையும் கலந்தா, ஆங்கிலம் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்கா ஓடும். ஒருத்தர் தன் பெயரைத் தமிழிலோ ஜப்பானிய மொழியிலோ தட்டினா, புரோகிராம் பிழை காட்டி நின்னுடும். எழுதினவர் சோதிக்கும்போது தெரியாது, பயன்படுத்துறவர் கையில்தான் வெடிக்கும்.

இதை ஒட்டுப்போட்டுச் சரிபண்ண முடியாதுன்னு முடிவு பண்ணாங்க. 2008 டிசம்பர் 3 அன்று பைதான் 3.0 வெளியானது. எல்லாச் சரமும் இனி யூனிகோட். பிரின்ட் எழுதும் முறையும் மாறியது. 3ஐ 2ஆல் வகுத்தா பழையதில் 1 வரும், புதியதில் 1.5. நல்ல மாற்றங்கள்தான். ஆனா பழைய கோடு பெரும்பாலும் அப்படியே புதியதில் ஓடாது.

சரி, மக்கள் எப்படி மாறுவாங்க? அதுக்கு ‘டூ டு த்ரீ’ன்னு ஒரு கருவி கொடுத்தாங்க. பழைய கோடை உள்ளே போட்டா புதுசா மாத்தித் தரும். ஒருதடவை மாத்து, பழசை மறந்துடு, இதுதான் திட்டம்.

திட்டம் எங்கே சறுக்கியது? நீங்க ஒரு அப்ளிகேஷன் எழுதுறீங்க, அது பத்து லைப்ரரியை நம்பி நிக்குது. அதில் ஒன்பது மாறி, ஒண்ணு மாறலைன்னாலும் நீங்க நகர முடியாது. லைப்ரரி எழுதுறவர் பக்கம் பாருங்க. அவரோட பயனர்கள் எல்லாம் 2இல் இருக்காங்க. அவங்களை விட்டுட்டு அவர் மட்டும் எப்படிப் போவார்? நீ போ, நான் வரேன்னு ஆளாளுக்குக் காத்திருந்தாங்க.

இதுக்கு நடுவில் 2010 ஜூலையில் பைதான் 2.7 வந்தது. 2 வரிசையில் இதுதான் கடைசி, 2015வரைதான் ஆதரவுன்னு திட்டம். 2.8 வருமான்னு கேட்டவங்களுக்கு 2011இல் ஒரு அதிகாரபூர்வ ஆவணமே பதில் சொன்னது: வராது. அந்த ஆவணத்தோட எண் 404. இணையத்தில் பக்கம் கிடைக்கலைன்னா வருமே, அதே 404!

கதவை மூடினா மட்டும் ஆட்கள் நகர்ந்துடுவாங்களா? நிலைமையை மாத்தினது வேற விஷயம். இரண்டு படகில் கால் வைக்காதேன்னு பெரியவங்க சொல்வாங்க இல்லையா? இங்கே அதைத்தான் செய்தாங்க. ஒரே கோடு, 2இலும் ஓடணும், 3இலும் ஓடணும். அதுக்கு உதவ ‘சிக்ஸ்’ன்னு ஒரு சின்ன லைப்ரரி வந்தது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினா ஆறு, அதான் பெயர். எழுதியவர் பெஞ்சமின் பீட்டர்சன். 2.7 வெளியீடுகளை நிர்வகித்தவரும் இவர்தான். பழைய வீட்டுக்குக் காவல் இருந்தவரே புதுவீட்டுக்குப் பாலமும் போட்டிருக்கார்!

பைதான் குழுவும் இறங்கி வந்தது. யூனிகோட் சரத்துக்கு முன்னாடி ‘யூ’ எழுத்து போடும் பழைய வழக்கத்தை 3.0இல் நீக்கியிருந்தாங்க. 2012இல் வந்த 3.3இல் அதைத் திரும்ப அனுமதிச்சாங்க. புதியதில் அதனால ஒரு பயனும் இல்ல, ஆனா அதே வரி இரண்டிலும் ஓடும்.

2014இல் இன்னொரு முடிவு: 2.7இன் கெடு 2015இலிருந்து 2020க்குத் தள்ளிப்போனது. பழைய பதிப்பில் பிழைதிருத்தம் மட்டும்தான், புதுசா எதுவும் சேர்க்கக்கூடாதுன்னு விதி. ஆனா இணையப் பாதுகாப்புக்காக அதையும் தளர்த்தி, அதே வருஷம் டிசம்பரில் 2.7.9இல் புதிய வசதிகளைச் சேர்த்தாங்க. ஐந்து வருஷம் பழைய பாதுகாப்போட ஓட விடுறது ஆபத்து இல்லையா?

அப்புறம் காற்று திசை மாறியது. 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0, பைதான் 2ஐக் கைவிட்டது. மத்த பெரிய லைப்ரரிகளும் தேதி குறிச்சாங்க. 2020 ஜனவரி 1 அன்று ஆதரவு முடிந்தது. ஏப்ரல் 20 அன்று 2.7.18 வந்தது. அதுதான் கடைசி.

ஆதரவு முடிஞ்சதுன்னா புரோகிராம் நின்னுடாது. பழைய பைதான் இன்னைக்கும் ஓடும், கோடும் திறந்தேதான் இருக்கு. ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சா, அதை அடைக்க அந்தக் குழுவிலிருந்து யாரும் வரமாட்டாங்க. அதில் பலர் தன்னார்வலர்கள். அவங்க மாலை நேரத்தையும் வார இறுதியையும் கொடுத்துத்தான் பழைய பதிப்பு இத்தனை வருஷம் உயிரோட இருந்தது. இலவசமா கிடைச்சதாலே செலவே இல்லைன்னு நாம நினைச்சுக்கிட்டோம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு பைதான் சின்னச் சின்ன அடியா நடக்குது. 3.9இலிருந்து வருஷத்துக்கு ஒரு பதிப்பு, பெரும்பாலும் அக்டோபரில். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷ ஆதரவு. எது எப்போ முடியும்னு முன்கூட்டியே தெரியும். ஒரு வசதியை எடுக்கணும்னா, முதல்ல எச்சரிக்கை, அப்புறம்தான் நீக்கம்.

உங்க ஆபீஸ் சர்வரில் எந்தப் பைதான் ஓடுதுன்னு நாளைக்கு ஒருதடவை பாருங்க. அதோட ஆதரவு எப்போ முடியுதுன்னும் பாருங்க. அந்தத் தேதி யாரோ சிலர் நமக்குக் கொடுத்த வாக்கு. அதைக் காப்பாத்த அவங்க உழைக்கிறாங்க, அதுக்குள்ள நகர வேண்டியது நம்ம பொறுப்பு.