ஆன்னா பார்னலின் சாட்சியம்: 1882-ஆம் ஆண்டுப் பிளவைக் குறித்து ஒரு மறுவிசாரணை

சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னலுக்கும் அவர் தங்கை ஆன்னாவுக்கும் 1882-இல் நேர்ந்த பிளவை வெறும் குடும்பக் கலகமாகக் கருதி, அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து ஆன்னா எழுதிவைத்த 'ஒரு மகா பாசாங்கின் கதை' என்னும் நூலை, அவமதிப்புக்கு உள்ளான ஒரு பெண்ணின் மனக்கசப்புக்கு அத்தாட்சியாக மட்டும் ஏற்று, நிலப் போராட்டத்தின் சரித்திரத்துக்கு அதைப் பிரமாணமாகக் கொள்ள மறுக்கும் ஒரு மரபு, பார்னலின் வாழ்வை ஆராய்ந்தோரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. அம்மரபு முற்றிலும் ஆதாரமற்றது என்று சொல்ல நான் துணியேன். 1907-ஐ ஒட்டி, பெரும்பாலும் ஞாபகத்தை நம்பி, மைக்கேல் டேவிட் 1904-இல் வெளியிட்ட நிலப் போராட்ட வரலாற்றுக்கு மறுமொழியாக எழுந்த நூல் அது. கையெழுத்துப் பிரதி ஹெலனா மொலோனியின் கைக்குப் போய், காணாமற்போனதுபோல் கிடந்து, டப்ளின் தேசிய நூலகத்தை அடைந்து, 1986-இல்தான் அச்சேறியது. ஆயினும் அதன் மையமான குற்றச்சாட்டு உணர்ச்சியைப் பற்றியதன்று, வரவு செலவைப் பற்றியது என்பதையும், கணக்கைப் பற்றிய குற்றச்சாட்டுக்குக் கணக்கினால்தான் விடையிறுக்க வேண்டும், குணதோஷ ஆராய்ச்சியினால் அன்று என்பதையும் இங்கே நிறுவ முயல்கிறேன்.

குற்றச்சாட்டு இதுதான். குடியானவன் குத்தகையைக் கொடாமல் இழுத்தடித்து, துப்பாக்கி முனையில் ஜப்தி வரும் வரையில் எதிர்த்து நின்று, கடைசி நிமிஷத்தில் கொடுத்துவிடலாம் என்பது நிலச் சங்கத்தின் நடைமுறை. இதன் பயனாக நிலக்கிழார் தம் பாக்கியை முழுவதும் பெற்றார். வக்கீல் தம் கட்டணத்தைப் பெற்றார். ஷெரீப்பின் படிச் செலவும் கோர்ட்டுச் செலவும், அமெரிக்காவில் கூலிவேலை செய்த அயர்லாந்துக்காரர் அனுப்பிய நன்கொடையிலிருந்து சங்கத்தின் தலையில் விடிந்தன. எதிர்ப்பு என்று உலகம் கண்டது, ஆன்னாவின் கணக்குப்படி, குத்தகை தாமதமாகவும் அதிகச் செலவோடும் நிலக்கிழாரைச் சென்றடைந்த ஒரு சுற்றுவழியே. 1881 ஜனவரி 31-இல் டப்ளினில் தொடங்கிய மாதர் நிலச் சங்கம், அக்டோபர் 13-இல் பார்னல் சிறைப்பட்டு, 20-இல் ஆண்களின் சங்கம் தடைசெய்யப்பட்ட பின்பு, அதன் பணிகளை ஏற்றபோதுதான் இவ்வுண்மை தமக்குப் புலனாயிற்று என்கிறார் அவர். அம்மாதர் ஒவ்வொரு பண்ணைக்கும் குத்தகைத் தொகை, சர்க்கார் மதிப்பீடு, நிலக்கிழாரின் போக்கு, வெளியேற்றப்பட்ட குடிகள் ஆகியவற்றைப் பதிந்து வைத்த பேரேட்டுக்கு, புராதன சுவிசேஷச் சுவடி ஒன்றின் பெயரை எடுத்து, 'கெல்ஸ் நூல்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார்கள். இப்படியொரு பேரேட்டை வைத்திருந்தவரின் கணக்கை, கோபக்காரியின் கணக்கு என்று ஒதுக்குவது எந்த நியாயத்தில் சேரும்?

சினமே நூலுக்கு மூலம் என்போர் மற்றொரு காரணமும் காட்டுவர். தமக்கை ஃபானியின் அகால மரணத்தினால் ஆன்னாவின் மனம் நிலைகுலைந்தது என்பது அது. ஃபானி நியூ ஜெர்ஸியிலுள்ள போர்டன்டவுனில் காலமானது 1882 ஜூலை 20-இல்; அச்சோகம் ஆன்னாவைப் படுக்கையில் தள்ளியதும் மெய்யே. ஆனால் குத்தகை பாக்கிச் சட்டத்துக்கு ஈடாகக் கிளர்ச்சியைத் தணிப்பதாகப் பார்னல் இசைந்து, கில்மைன்ஹம் சிறையிலிருந்து மே 2-இல் விடுதலையானார். பூசல் அப்போதே தொடங்கிவிட்டது. ஜூலையில் நேர்ந்த மரணம் மே மாதத்து அபிப்பிராயத்துக்குக் காரணமாகாது. இதற்கு மேல் இவ்வாட்சேபத்தோடு வாதாட வேண்டியதில்லை.

ஆழ்ந்து நோக்க வேண்டியது வேறொன்று. ஆன்னாவின் தீவிரம் இயல்புக்கு மீறியது, அதனால்தான் பார்னல் மாதர் சங்கத்துக்குப் பணத்தை நிறுத்த நேர்ந்தது என்னும் செய்தி, ஏறக்குறைய எல்லா வரலாறுகளிலும் பிசகாமல் வருகிறதே, அது எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, காதரின் 1914-இல் வெளியிட்ட நினைவுக்குறிப்புகளிலிருந்துதான். கேப்டன் ஓஷியாவின் மனைவியாயிருந்து, விவாகரத்துக்குப் பின் 1891 ஜூன் 25-இல் பார்னலை மணந்த இவ்வம்மையார், நிகழ்ச்சி நடந்து 32 ஆண்டுகளுக்குப் பின்பு எழுதினார். சங்கத்தின் அலுவலில் அவருக்குப் பங்கில்லை. தாம் நேசித்தவரின் கீர்த்தியைக் காப்பதில் அவருக்கு இருந்த அக்கறையை ஒருவரும் மறுக்கமாட்டார். 25 ஆண்டுகள் கழித்து எழுதிய தங்கை பாரபட்சமுடையவர். 32 ஆண்டுகள் கழித்து எழுதிய மனைவி நம்பத்தக்கவர்! இந்தத் தராசைப் பிடித்தவர்கள் கை நடுங்காமல் பிடித்திருக்கிறார்கள்.

குடும்பப் பாசம் சாட்சியத்தைக் கெடுக்கும் என்பதே விதியானால், அவ்விதியைத் தங்கைக்கு மட்டும் விதிக்கலாகாது. 1882 ஏப்ரலில், தமக்கை டெலியாவின் மகன் பாரிஸில் இறந்ததை முன்னிட்டு, மரியாதை வாக்கின் பேரில் சிறையிலிருந்து சில நாள் வெளிவந்த பார்னல், வழியில் எல்தாமில் காதரினையும், தமக்கும் அவருக்கும் பிப்ரவரியில் பிறந்து மரணத் தறுவாயிலிருந்த பெண் குழந்தையையும் கண்டார். அம்மாதத்திலேயே குழந்தை இறந்தது. அதே வாரங்களில் கிளாட்ஸ்டன் மந்திரிசபையோடு உடன்படிக்கை பேசப்பட்டது. பேசியவர்களுள் ஒருவர் கேப்டன் ஓஷியாவே. இத்துயரம்தான் பார்னலை இணங்க வைத்தது என்று நான் வாதிக்கவில்லை. அரசியல் காரணங்கள் அவருக்குப் போதுமானவை இருந்தன. ஃபீனிக்ஸ் பூங்காக் கொலைகளுக்குப் பின் அவை இன்னும் வலுத்தன. ஆனால் அண்ணனின் முடிவை அரசியலாகவும் தங்கையின் முடிவை மனோநிலையாகவும் வாசிக்கும் வழக்கத்துக்கு மூலங்களில் ஆதாரமில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. நூலோ, அண்ணனைப் பற்றிய அந்தரங்க நினைவுகள் மிக அரிதாகவே வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. வஞ்சம் தீர்க்க எழுதுபவருக்கு இந்த அடக்கம் வாராது.

குத்தகை இன்னதென்று ஆன்னாவுக்குப் புத்தகத்தால் தெரியவில்லை. 1859-இல் தந்தை ஜான் ஹென்ரி இறந்தபோது அவண்டேல் சார்லஸுக்கும், ஆர்மா நிலம் ஜானுக்கும், கார்லோ நிலம் ஹென்ரிக்கும் போயின. பெண்களுக்குச் சொற்ப ஜீவனாம்சமே. குடிகள் கொடுத்ததில் உண்டு வளர்ந்தும் நிலத்துக்கு உரிமையில்லாத ஒருத்தி, குத்தகை எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை அண்ணனைக் காட்டிலும் கூர்ந்து கவனித்திருந்தால் வியப்பென்ன?

இனி ஊதாரித்தனம் என்னும் பழி. மாதர் சங்கம் ஏறத்தாழ 70,000 பவுன் செலவழித்தது. வெளியேற்றப்பட்டோருக்குக் குடிசை, கைதிகளுக்கு உணவு, அவர்கள் குடும்பங்களுக்கு உதவி என்று அது போயிற்று. முடிவில் வங்கிக்கு 5,000 பவுன் அளவில் கடன் நின்றது. அக்கடனைத் தீர்க்க ஆண் தலைவர்கள் விதித்த நிபந்தனையை ஆன்னா சொல்லும் இடம், நூலிலேயே மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டதும் மிக முக்கியமானதுமாகும். சங்கம் கலைய வேண்டும். ஆனால் உதவி கோரி வரும் மனுக்களையெல்லாம் அம்மாதரே தொடர்ந்து பரிசீலித்துச் சிபாரிசு செய்ய வேண்டும். மறுக்கப்படும் குடியானவனின் கோபம் தங்கள்மீது படாதிருக்க ஒரு மறைப்பாகவே தங்களை வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்று அவர் இதற்குப் பொருள் கொள்கிறார். அப்பொருளை ஏற்காதவர்களும் நிபந்தனையைப் பொய் என்று காட்டவில்லை. பணத்தை வாரி இறைத்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களிடமே, யாருக்குப் பணம் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் பொறுப்பை ஒப்படைக்கத் தலைவர்கள் முன்வந்தது ஏன் என்னும் வினாவுக்கு, ஊதாரித்தனக் கொள்கையினர் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.