குலுக்கை காலியான கதை

பரீட்சை முடிந்து முக்கூடலில் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். புறக்கடையில் மண்ணால் செய்த பெரிய வளையம் ஒன்று கிடந்தது. அதற்கு மேல் ஒரு தகரத்தைப் போட்டுக் கோழி அடைக்கிறார்கள். இது என்ன என்று கேட்டேன். "குலுக்கையோட உறை லே. ஒரு காலத்துல இதுக்குள்ளதான் நம்ம சாப்பாடு இருந்துச்சு" என்றாள். ஹிஸ்டரி படிக்கிற பையன், குலுக்கையைக் கேள்விப்பட்டதே இல்லை! அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

குலுக்கை என்பது நெல் கொட்டி வைக்கிற மண் கூடு. களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, உறை உறையாகச் செய்து காயவைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மேலே வாயை மூடிச் சாணியும் மண்ணும் பூசிவிடுவார்கள். அடியில் ஒரு சின்ன ஓட்டை, துணியால் அடைத்திருக்கும். நெல் வேண்டும் என்றால் துணியை எடுத்தால் போதும், மரக்காலில் வந்து விழும். மேலே புதுசைக் கொட்டுகிறோம், கீழே பழசை எடுக்கிறோம். இன்றைக்கு சூப்பர் மார்க்கெட் குடோனில் 'முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே' என்று பாடம் நடத்துகிறார்களே, அதேதான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தாமிரபரணியில் வருஷத்துக்கு இரண்டு போகம், கார், பிசானம். பிசானம் மாசி பங்குனியில் அறுப்பு. கார் நெல் வீட்டுக்கு வர ஆவணி புரட்டாசி ஆகிவிடும். நடுவில் உள்ள மாதங்களைத் தாண்டத்தான் குலுக்கை. தென்மேற்குப் பருவமழை ஏமாற்றினால் காரே இல்லை, அடுத்த பிசானம் வரைக்கும் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

நெல் மட்டும் இல்லை. துவரைக்குச் செம்மண் கட்டி வைத்தால் வண்டு வராது. புளியைக் கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைப்பார்கள். கருப்பட்டி அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில். கோடை வெயிலில் சுண்டைக்காய், கொத்தவரங்காய், மோர்மிளகாய் என்று மொட்டைமாடி முழுக்க வற்றல். புறக்கடையில் முருங்கை, வாழை, அவரைப் பந்தல். விதை நெல்லைத் தனியாக வைக்கோலில் சுற்றிச் சாணி மெழுகிக் கோட்டை கட்டுவார்கள். என்ன பசி வந்தாலும் அதைத் தொடக்கூடாது.

சிவகளையில் தோண்டியபோது ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அதன் வயது கி.மு. 1155 என்று கரிமப் பகுப்பாய்வில் வந்ததை 2021 செப்டம்பரில் சட்டசபையில் அறிவித்தார்கள். நம்ம ஊரில் செத்தவனுக்குக்கூட நெல் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள் :-)

இதுவரைக்கும் படித்தால் 'அந்தக் காலம் பொற்காலம்' என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. குலுக்கை யார் வீட்டில் இருந்தது?

நிலம் இருந்தவர் வீட்டில். நட்டவருக்கும் அறுத்தவருக்கும் கூலி நெல்தான். அது அன்றாட உலைக்கே சரியாகப் போய்விடும். முக்கூடற்பள்ளு ஞாபகம் இருக்கிறதா? (அந்த முக்கூடல் எங்கள் ஊர் இல்லை, சீவலப்பேரி பக்கம். எத்தனை பேரிடம் சொல்லியாச்சு!) அதில் நெல் வகைகளை வரிசையாகச் சொல்கிறவன் பள்ளன். ஆனால் கணக்குக் கேட்கிறவரும், தப்பு நடந்தால் தொழுவில் மாட்டுகிறவரும் பண்ணைக்காரர்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது தாது வருஷத்தில் தெரிந்தது. 1876இல் மழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். தாமிரபரணித் தண்ணீர் இருந்ததால் திருநெல்வேலி ஜில்லா, பெல்லாரி, சேலம் அளவுக்கு அழியவில்லை. ஆனால் வானம் பார்த்த பகுதிகளில் நிலைமை மோசம். தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டோம் என்று லிட்டன் பிரபுவின் அரசு பிடிவாதமாக இருந்தது. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விருந்து வைத்தார்கள். அதே மாதம் நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். மண் வெட்டுகிறவனுக்கு!

1880இல் வந்த பஞ்சக் கமிஷன் அறிக்கையைப் பாருங்கள். பஞ்சத்தில் முதலில் அடிபடுகிறவர்கள் நிலமில்லாத கூலிக்காரர்களும் கைத்தொழில் செய்கிறவர்களும்தான் என்று அதுவே சொல்கிறது. நாட்டில் தானியமே இல்லாமல் போகவில்லை. வாங்கக் காசும், சேர்த்து வைத்த நெல்லும் இல்லாதவர்கள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அடுத்த அடி 1942இல். ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. ரேஷனும் கட்டாயக் கொள்முதலும் வந்தன. அதுவரை கெட்டிக்காரத்தனமாக இருந்தது 'பதுக்கல்' ஆகிவிட்டது. குலுக்கைக்கு முன்னால் விறகை அடுக்கி மறைத்தார்களாம். ஆச்சி தன் அம்மா சொல்லக் கேட்டது. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பிறகு ரைஸ்மில், சாக்கு மூட்டை, ரேஷன் கார்டு என்று வந்து குலுக்கை கோழிக்கூடானது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. குலுக்கையே இல்லாத வீட்டுக்கு முதல் குலுக்கை ரேஷன் கடைதான்.

ஆனாலும் 2023 டிசம்பர் 17, 18 இருக்கிறதே... காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றுவிட்டது. அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது.

ஆச்சி வீட்டில் கரண்ட் போய், செல்போன் டவரும் போய்விட்டது. ஜிபே கிடையாது, கையில் காசும் கிடையாது. கடையில் பிரெட் காலி. ஆச்சியின் தகர டிரம்மில் அரிசி இருந்தது, பரணில் கருப்பட்டி, ஜாடியில் நார்த்தங்காய், டப்பாவில் சுண்டவற்றல். மூன்று நாளும் வற்றல் குழம்புதான். நான் முகத்தைச் சுளித்ததற்குத் திட்டு விழுந்தது.

இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அக்கா வந்தாள். பீடி சுற்றுகிறவள். வாரக் கூலி, வாரத்துக்கு வாரம் அரிசி. டிரம் வாங்கி நிரப்பி வைக்க அவளிடம் என்றைக்குக் காசு இருந்தது? இலையும் தூளும் நனைந்து போனதால் அந்த வாரக் கூலியும் இல்லை. ஆச்சி ஒன்றும் கேட்கவில்லை. படியை எடுத்து, தலை தட்டாமல் கும்பலாக நாலு படி அளந்து போட்டாள். பொங்கல் கழிந்து அக்கா திருப்பிக் கொடுத்தபோதும் அதே மாதிரி கும்பலாகத்தான் அளந்தாளாம்.