கதிரை என்னும் சொல்லின் குடிவழி

மாணவன் ஒருவன் தன் கட்டுரையில் எழுதிய ‘கதிரை’ என்னும் சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, ‘நாற்காலி’ எனத் திருத்தினேன். “ஐயா, வீட்டில் எல்லாரும் கதிரை என்றுதானே சொல்கிறார்கள், அது எப்படிப் பிழையாகும்?” என அவன் வினவினான். அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

கதிர்காமத்தையும் கதிரை என்பர். நம்மிடையே வழங்கும் கதிரைவேல் என்னும் பெயர் அதன்வழி வந்தது. ஆயின் இருக்கையைக் குறிக்கும் கதிரைக்கும் அதற்கும் ஒலியொற்றுமையன்றி உறவு வேறில்லை. இது போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’ என்னும் சொல்லின் தமிழ் வடிவம். அவர்தம் ‘மேசா’ மேசையானதுபோல, ‘கதெய்ரா’ கதிரையாயிற்று. ஈற்றுயிர் ஐகாரமாகத் திரிந்தமை இரண்டிற்கும் பொது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டு, 1658 இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். அவர் ஆண்டது 39 ஆண்டுகளே. எனினும், ஒல்லாந்தர் காலத்திலும் போர்த்துக்கேயம் பொதுப்பேச்சு மொழியாக வழங்கியமையால், அலுமாரி, யன்னல், சப்பாத்து, அலவாங்கு முதலாய சொற்கள் நம் வீடுகளில் நிலைபெற்றன.

கதெய்ராவின் தாய் இலத்தீன் மொழியின் ‘கதெத்ரா’. அதன் தாய் கிரேக்கம். கிரேக்கத்தில் ‘கதா’ என்பது கீழ் எனவும், ‘எத்ரா’ என்பது இருக்கை எனவும் பொருள்படும். ஆசான் அமர்ந்து போதிக்கும் ஆசனமும், கிறித்தவ ஆயரின் பீடமும் இலத்தீனில் அப்பெயர் பெற்றன. ஆயரின் பீடமுள்ள ஆலயம் ஆங்கிலத்தில் ‘கதீட்ரல்’ ஆயிற்று. போலந்து மொழியிலோ ‘கதெத்ரா’ என்னும் ஒரு சொல்லே பேராலயத்தையும் பல்கலைக்கழகத் துறையையும் குறிக்கும். ஆங்கிலத்தின் ‘செயர்’ என்பதும் பிரெஞ்சு வழியாக வந்த அக்குடிப் பிறப்பினதே. எனவே, ‘செயர்’ என்பதை நாகரிகமெனக் கொண்டு கதிரையைக் கொச்சையென இகழ்வோர், உடன்பிறந்தார் இருவருள் ஒருவரை வரவேற்று மற்றவரைத் துரத்துவோராவர்.

தனித்தமிழ் நோக்கில் கதிரையை விலக்குவோரின் மொழிப்பற்றை யாம் குறைகூறேம். நாற்காலி நல்ல தமிழ்ச்சொல். அதனை அறிந்து வழங்குதல் நன்று. ஆயின், சொற்களை நால்வகையாக வகுத்த தொல்காப்பியர் திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் அவற்றுள் இடமளித்தார். போர்த்துக்கேயம் அவர் அறியாதது. எனினும், அயற்சொல்லைத் தமிழோசைக்கு இயைய ஏற்கும் நெறி அவர் வகுத்ததே. அந்நெறியிற் பொருந்தி, தலைமுறை பலவாக நம் முன்னோர் நாவிற் பயின்ற சொல்லைப் பிழையெனல் தகாது. அவ்வாறு வெட்டுதல், நாம் அயலார் ஆட்சியுட்பட்டிருந்த வரலாற்றின் சான்றொன்றையும் வெட்டுதலாகும்.

அம்மாணவனின் கொப்பியை மீண்டும் வாங்கி, யான் வெட்டிய சொல்லின் மேல் ‘இதுவும் சரி’ என எழுதிக் கொடுத்தேன்.