பிள்ளைகளின் கீழ்ப்படியாமை

பிள்ளைகளின் கீழ்ப்படியாமை என்பது சிறுவரும் பதின்ம வயதினரும் பெற்றோர், ஆசிரியர் முதலியோரின் சொல்லை மறுத்தல், எதிர்த்து வாதிடுதல், வேண்டுமென்றே விதிகளை மீறுதல் ஆகிய நடத்தைகளைக் குறிக்கும். இரண்டு, மூன்று வயதில் அடம் பிடித்தலும், பதின்ம வயதில் தன் விருப்பை நிலைநாட்ட முயல்வதும் இயல்பான வளர்ச்சியின் பகுதிகளாகும்.

இயல்பும் கோளாறும்

அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு (ஐந்தாம் பதிப்பு, 2013) இதன் கடுமையான வடிவத்தைத் தனியொரு கோளாறாக வகைப்படுத்துகிறது. சினம், வாதாட்டம், வஞ்சம் ஆகிய வகைகளில் அடங்கும் எட்டு அறிகுறிகளுள் குறைந்தது நான்கு, ஆறு மாதங்களேனும் நீடித்தல் வேண்டும். உடன்பிறந்தோருடன் மட்டும் சண்டையிடுவது இதில் சேராது.

வலுப்பெறும் விதம்

அமெரிக்க உளவியலாளர் செரால்டு பேட்டர்சன் இதனை ஒரு சுழற்சியாக விளக்கினார். பெற்றோர் ஒன்றைச் செய்யச் சொல்கின்றனர், பிள்ளை கத்துகிறது, பெற்றோர் விட்டுக்கொடுக்கின்றனர், கத்தல் நிற்கிறது. கத்தினால் வேலை தப்பும் எனப் பிள்ளையும், விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் எனப் பெற்றோரும் கற்கின்றனர். சில வேளைகளில் பெற்றோர் அடித்து அடக்குகின்றனர். அப்போது வலியவரே வெல்வர் என்பதைப் பிள்ளை கற்கிறது.

கையாளும் முறைகள்

* கட்டளைகளைச் சுருக்கமாகவும் தெளிவாகவும், ஒரு நேரத்தில் ஒன்றாகவும் கூறுதல்.
* நல்ல நடத்தையை உடனுக்குடன், எது நன்று எனக் குறிப்பிட்டுப் பாராட்டுதல்.
* சிறு குறும்புகளைப் பொருட்படுத்தாது விடுதல்.
* விதிகளையும் மீறினால் வரும் விளைவுகளையும் முன்கூட்டியே அறிவித்து, வீட்டிலுள்ள பெரியோர் அனைவரும் ஒரே வகையில் கடைப்பிடித்தல்.
* பதின்ம வயதினருடன் விதிகளைக் கலந்து பேசி வகுத்தல். இருவரும் சினம் தணிந்த பின்னரே பேசுதல்.

கவனிக்காது விடப்பட்ட நடத்தை தொடக்கத்தில் சற்று மிகுவது வழக்கம். அந்நிலையில் விட்டுக்கொடுப்பின் அடம் மேலும் வலுப்பெறும்.

இலக்கியத்தில்

விருதுநகர் மாவட்டம் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், தம் திருமொழியில் கண்ணனைக் குறும்புக் குழந்தையாகப் பாடியுள்ளார். வெண்ணெய் திருடியதாக அயலார் யசோதையிடம் முறையிடுகின்றனர். நீராட மறுக்கும் கண்ணனுக்கு அவள் சிற்றுண்டி செய்து வைத்து, உண்ண வேண்டுமாயின் நீராட வருமாறு அழைக்கிறாள். இங்கு வெகுமதி செயலுக்குப் பின்னரே கிடைக்கும். அழுகையை நிறுத்துவதற்காகத் தின்பண்டம் கொடுப்பதிலிருந்து இது வேறுபட்டது.

சட்டமும் உதவியும்

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் (2009) 17ஆம் பிரிவு, பள்ளிகளில் உடல்சார் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. திடீரெனத் தோன்றும் கீழ்ப்படியாமைக்குக் கற்றல் குறைபாடு, மனச்சோர்வு, பிறரால் துன்புறுத்தப்படுதல் போன்றவை காரணமாக இருக்கலாம். எனவே தண்டிக்கும் முன் காரணத்தை ஆராய்தல் இன்றியமையாதது. பிள்ளை தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யுமாயின் உளநல மருத்துவரை அணுகுதல் வேண்டும். 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் (14416) உளநல ஆலோசனையையும், 1098 சிறுவர் பாதுகாப்பு உதவியையும் தொலைபேசி வழியாக வழங்குகின்றன.