கோலினிக் கோட்டையும் குவானபாரா அறிக்கையும்

பிரேசிலின் குவானபாரா விரிகுடாவில், அதன் வாயிலுக்கு அணித்தாக, ஒரு சிறு தீவு உண்டு. உட்புகும் கப்பல்களைக் கண்காணிக்க ஏற்ற இடமாயினும், அங்கே நன்னீர் இல்லை. 1555இல் பிரெஞ்சுத் தளபதி வில்லகஞோன் இத்தீவில் கோட்டை அமைத்து, கடற்படைத் தலைவர் கோலினியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

1557 மார்ச்சில் ரிஷியே, ஷார்த்தியே என்னும் போதகர்களோடு ஜெனீவாவிலிருந்து ஒரு சிறு குழுவினர் வந்து சேர்ந்தனர். அம்மாதம் 10ஆம் நாள் அவர்கள் நடத்திய ஆராதனையை அமெரிக்கக் கண்டத்தின் முதல் சீர்திருத்தத் திருச்சபை ஆராதனையாக வரலாற்றாசிரியர் பலர் கொள்வர். 21ஆம் நாள் திருவிருந்து ஆசரிக்கப்பட்டது. ஆனால் அத்திருவிருந்தைக் குறித்தே பிணக்கும் எழுந்தது. கிறிஸ்துவின் பிரசன்னம், இரசத்தில் தண்ணீர் கலத்தல் ஆகியவற்றில் மாறுபட்ட வில்லகஞோன், முடிவில் அவர்களைத் தீவினின்று அகற்றினார்.

1558 ஜனவரியில் அவர்கள் தாயகம் புறப்பட்ட கப்பல் பழுதுற்றது. ஐவர் படகேறித் திரும்பினர். வில்லகஞோனின் வினாக்களுக்கு அவர்கள் எழுத்தில் அளித்த விடையே குவானபாரா விசுவாச அறிக்கை. அதன்பொருட்டு பிப்ரவரியில் போர்தெல், வெர்நேய், பூர்தோன் ஆகிய மூவர் கொல்லப்பட்டனர். 1560இல் போர்த்துக்கீசிய ஆளுநர் மேம் டி சா கோட்டையைக் கைப்பற்றினார்.

ஆட்சியாளரின் தயவில் அடைக்கலம் பெற்ற சபைக்கு, அவர் மனம் மாறியபோது அக்காவல்தீவே இடுக்கணாயிற்று. அறிக்கையை எழுதியோர் குருமார் அல்லர். கேட்டறியப் போதகரும் அருகில் இல்லை. நம் பராமரிப்பிலுள்ள விசுவாசிகளை அத்தகைய நாளுக்கு நாம் ஆயத்தப்படுத்துகிறோமா என்பதே நம்முன் நிற்கும் வினா.